ஒரு பட்டனில் தொடங்குங்கள்: ரியாக்ட் கம்போனென்ட்களை லைப்ரரியாகக் கட்ட முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸில் எபேன், ரோஸ் ஹில் பக்கம் சிறு குழுவாக வெப்சைட் வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் தலைவலி இருக்கும். கோவில் தளத்துக்கு எழுதிய அர்ச்சனை முன்பதிவுப் படிவத்தை ஹோட்டல் தளத்துக்கு நகலெடுத்திருப்பீர்கள். ஹோட்டலில் ஒரு பிழையைத் திருத்துவீர்கள். கோவிலில் அது அப்படியே கிடக்கும். மூன்றாவதாக ஒரு கடைக்காரர் வந்து நிற்கும்போது, இருப்பதில் எந்த நகல் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

பட்டன், படிவம் மாதிரி பொதுவான துண்டுகளை, அதாவது ரியாக்ட் கம்போனென்ட்களைத் தனி லைப்ரரியாகக் கட்டி, எல்லாத் தளங்களும் அதை இன்ஸ்டால் செய்துகொள்ளும்படி விடுவதுதான் வழி. ஆனால் புதிதாக இதில் இறங்குகிறவர்கள், இருக்கிற கம்போனென்ட்கள் அத்தனையையும் முதல் நாளே ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே அனுப்பிப் பார்க்கிறார்கள். அப்போது பிழைகள் மொத்தமாகக் கிளம்பும். எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. கீழே உள்ள வரிசை வேறு மாதிரி. ஒரே ஒரு பட்டன். அதை முழு வழியும் நடத்தி, இன்னொரு ப்ராஜெக்டில் ஓட வைத்த பிறகே இரண்டாவது கம்போனென்டைத் தொடுவது.

கோட் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஃபைலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

## 1. கைவசம் இருக்க வேண்டியவை

நோட் (ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டுவது), 20.19 அல்லது 22.12-க்குக் குறையாத பதிப்பு. லைப்ரரியைப் பில்ட் செய்யும் கருவியான வீட் 7 இதற்குக் கீழே ஓடாது. குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பில் இருந்தால் பாதி விவாதம் மிச்சம்.

என்பிஎம் (பேக்கேஜ்களை வெளியிட்டு இன்ஸ்டால் செய்யும் இடம்) கணக்கு ஒன்று, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு. இதைக் கடைசி நாளில் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெயர் கிடைக்குமா என்பது முதலிலேயே தெரிய வேண்டும். பெயரில் சிறிய ஆங்கில எழுத்துகள்தான் செல்லும். குழுவின் பெயரை முன்னொட்டாக வைத்து, @தீவு/யூஐ என்பது மாதிரி எடுத்தால் பெயர்ச் சண்டையே வராது.

மூன்றாவது, ஒரு காலியான சோதனை ப்ராஜெக்ட். இது லைப்ரரி ஃபோல்டருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது முக்கியம். நோட் ஒரு மாட்யூலைத் தேடும்போது, இருக்கும் ஃபோல்டரில் கிடைக்காவிட்டால் மேலே மேலே ஏறித் தேடும். சோதனை ப்ராஜெக்ட் லைப்ரரிக்கு உள்ளே இருந்தால், நீங்கள் சேர்க்க மறந்த டிபெண்டென்சியை, அதாவது உங்கள் கோட் சார்ந்திருக்கும் இன்னொரு பேக்கேஜைத் தாய் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொண்டு சமர்த்தாக ஓடிவிடும். வாடிக்கையாளரின் சர்வரில்தான் வண்டவாளம் வெளிவரும்.

## 2. எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது

இரண்டு ப்ராஜெக்ட்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் எடுங்கள். 'நாளைக்குத் தேவைப்படலாம்' என்று எழுதுகிற கம்போனென்டுக்கு எந்த வாசல் தேவை, எந்த ஜன்னல் தேவை என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு இடங்களில் வேலை செய்ததில் எது மாறுகிறது, எது மாறவில்லை என்பது கண்ணெதிரே இருக்கும். மாறுகிறதெல்லாம் ப்ராப்ஸ், அதாவது வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகள். மாறாதது கம்போனென்ட்.

வாசலில் நிறுத்த வேண்டியவற்றில் முதலாவது, சொற்கள். நம் ஊரில் ஒரே பட்டன் ஒரு தளத்தில் ஆங்கிலத்திலும், அடுத்ததில் பிரெஞ்சிலும், கோவில் தளத்தில் தமிழிலும் நிற்கும். லைப்ரரிக்குள் 'சப்மிட்' என்ற சொல் ஒன்று இருந்தாலும் அது யாரோ ஒருவருக்குத் தவறான மொழி. எல்லாச் சொற்களும் வெளியிலிருந்து வரட்டும். பிழைச் செய்திகளும், திரை வாசிப்பான் படிக்கும் மறைவுச் சொற்களும் இதில் சேர்த்தி. இந்த இரண்டையும்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

இரண்டாவது, ஊர் வழக்கம். மொரீஷியஸ் மொபைல் எண் 8 இலக்கம், வீட்டுத் தொலைபேசி 7 இலக்கம், நாட்டு எண் +230. இதைக் கம்போனென்டுக்குள் விதியாக எழுதிவிட்டால், பக்கத்துத் தீவு ரெயூனியனிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வரும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்: அங்கே +262, பணமும் யூரோ. எண் விதியும் நாணயக் குறியும் ப்ராப்ஸாக வரட்டும். மொரீஷியஸ் ரூபாய் இயல்பு மதிப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

தேதி இன்னும் மோசம், ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கும்வரை அந்தப் பிழை தெரியவே தெரியாது. 2025-இல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11. '2025-02-11' என்ற சரத்தை நேராக டேட்டுக்குக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. நாம் யூடிசியைவிட 4 மணி நேரம் முன்னால் இருப்பதால் இங்கே அதிகாலை 4 மணி, தேதி சரி. கனடாவில் மொண்ட்ரியாலில் இருக்கும் உறவினர் அதே பக்கத்தைத் திறந்தால் பிப்ரவரி 10 என்று காட்டும். தேதி மட்டும் வேண்டிய இடத்தில் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களாகவே கையாளுங்கள். சோதனையின்போது கணினியின் நேர மண்டலத்தை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று தமிழ்ப் பெயர்கள் வரும் தளங்களுக்கு மட்டும். உறுப்பினர் பட்டியலில் படம் இல்லாதவருக்கு வட்டத்துக்குள் முதலெழுத்தைக் காட்டும் கம்போனென்ட் எல்லாரிடமும் இருக்கும். சரத்தின் முதல் குறியை மட்டும் எடுத்தால் முருகன் 'ம' ஆகிவிடுவார், கோவிந்தன் 'க' ஆகிவிடுவார்; உயிர்க்குறி தனிக் குறியீடாக அடுத்த இடத்தில் இருப்பதுதான் காரணம். சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் ஜாவாஸ்கிரிப்டின் இண்டில்.செக்மென்டர் கொண்டு எடுத்தால் 'மு', 'கோ' என்று முழுசாக வரும். ஃபயர்ஃபாக்ஸிலும் 2024-இல் இது வந்துவிட்டதால் இனித் தயங்க வேண்டியதில்லை. நீளமான தலைப்பை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் இடத்திலும் இதே கதைதான்.

## 3. பட்டனை எழுதும்போது

நீங்கள் யோசிக்காத ஒன்றை யாரோ ஒருவர் கேட்கப்போகிறார். அதற்கு ஒவ்வொரு முறையும் புதுப் பதிப்பு விட முடியாது. அதனால் மூன்று கதவுகளைத் திறந்து வையுங்கள்: கிளாஸ்நேம் வெளியிலிருந்து வந்தால் உங்களுடையதோடு சேர்த்துக்கொள்வது, நீங்கள் பெயர் சொல்லாத மற்ற ப்ராப்ஸை அப்படியே உள்ளிருக்கும் பட்டன் எலிமென்டுக்குத் தள்ளிவிடுவது, ரெஃப் (அந்த எலிமென்டை நேராகத் தொடும் பிடி) அனுப்புவது. ரியாக்ட் 19-இல் ரெஃப் சாதாரண ப்ராப் ஆகிவிட்டது. 18-ஐயும் ஆதரிக்கப் போகிறீர்கள் என்றால் ஃபார்வர்டுரெஃப் இன்னும் வேண்டும்.

டைப் ப்ராப்பின் இயல்பு மதிப்பை 'பட்டன்' என்று வைத்துவிடுங்கள். எச்டிஎம்எல்லில் அது 'சப்மிட்'. படிவத்துக்கு நடுவே வைத்த 'மேலும் காட்டு' பட்டன் படிவத்தையே அனுப்பிவிடுகிறது என்ற புகார் இதனால்தான் வருகிறது.

## 4. பேக்கேஜ்.ஜேசன்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

தடுமாற்றங்களில் பெரும்பாலானவை, லைப்ரரியின் விவரங்களை என்பிஎம்முக்குச் சொல்லும் இந்த ஒரு ஃபைலில்தான். ஒவ்வொரு வரியும் ஏன் என்று தெரிந்து எழுதுங்கள்.

பியர்டிபெண்டென்சிஸ். ரியாக்டும் ரியாக்ட்-டாமும் இங்கே போக வேண்டும், டிபெண்டென்சிஸில் அல்ல. கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போகிறவர் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அங்கே இருக்கும் அடுப்பில் சமைக்கிறார். லைப்ரரி தன்னோடு ஒரு ரியாக்டைக் கொண்டுபோனால் ஒரே பக்கத்தில் இரண்டு ரியாக்ட் ஓடும், ஹூக்ஸ் (யூஸ்ஸ்டேட் மாதிரியானவை) உடையும். 'இன்வாலிட் ஹூக் கால்' என்று சிவப்பு எழுத்தில் வந்தால் முதல் சந்தேகம் இதுவாகவே இருக்கட்டும். வீச்சை '18 அல்லது 19' என்று அகலமாகக் கொடுங்கள். குறுக்கிக் கொடுத்தால், என்பிஎம் 7-க்குப் பிறகு, வாடிக்கையாளர் பக்கத்தில் இன்ஸ்டாலே நின்றுவிடும். நீங்கள் எழுதும்போது ஓட வேண்டுமே என்பதற்காக அதே இரண்டையும் டெவ்டிபெண்டென்சிஸிலும் சேர்க்க வேண்டும்.

ஃபைல்ஸ். இதில் பில்ட் செய்த கோட் போய்ச் சேரும் டிஸ்ட் ஃபோல்டரை மட்டும் எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால், என்பிஎம்இக்னோர் ஃபைலும் இல்லாவிட்டால், என்பிஎம், கிட்டில் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலான உங்கள் கிட்இக்னோரைப் படிக்கும். அதில் டிஸ்ட் இருக்கும். விளைவு: பில்ட் செய்த கோட் ஒரு வரிகூட இல்லாத பேக்கேஜ் உலகத்துக்குப் போகும். பப்ளிஷ் வெற்றி என்றுதான் டெர்மினல் சொல்லும்.

எக்ஸ்போர்ட்ஸ். இது வாசல் பட்டியல். இதை எழுதிய கணத்திலிருந்து பட்டியலில் இல்லாத எந்தப் பாதையையும் வெளியாள் தொட முடியாது. நல்லதுதான், உள்ளே இருக்கும் ஃபைலை நீங்கள் நாளைக்கு இடம் மாற்றலாம். ஆனால் ஸ்டைல் ஃபைலுக்கும் ஒரு வாசல் தனியாக எழுத வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஒவ்வொரு வாசலுக்குள்ளும் 'டைப்ஸ்' முதலில் வர வேண்டும், 'டிஃபால்ட்' கடைசியில். மேலிருந்து கீழே பார்த்து, பொருந்துகிற முதல் வரியை எடுத்துக்கொள்வது இதன் வழக்கம். டைப்ஸைக் கீழே போட்டால் டைப்ஸ்கிரிப்ட் அங்கே வந்து சேராமலே போகலாம். பழைய மாட்யூல் தேடல் முறையில் இருக்கும் ப்ராஜெக்ட்கள் எக்ஸ்போர்ட்ஸைப் பார்ப்பதே இல்லை. அவற்றுக்காக வெளியே தனியாக ஒரு 'மெயின்', ஒரு 'டைப்ஸ்' வைத்துவிடுங்கள்.

சைட்எஃபெக்ட்ஸ். பயன்படுத்தாத கம்போனென்ட்களை பண்ட்லர் (கோடை ஒன்றாகக் கட்டும் கருவி) உதிர்த்துவிட வேண்டும் என்று எல்லாரும் இதை 'ஃபால்ஸ்' என்று எழுதுகிறார்கள். வெப்பேக் என்ற பண்ட்லர் அதை வார்த்தை மாறாமல் நம்பி, சிஎஸ்எஸ் இம்போர்டையும் சேர்த்து உதிர்த்துவிடும். 'பட்டன் வருது, கலர் வரலை' என்றால் இங்கேயும் பாருங்கள். ஃபால்ஸுக்குப் பதிலாக, சிஎஸ்எஸ் ஃபைல்களை மட்டும் பட்டியலிட்டு எழுதினால் இரண்டும் நடக்கும்.

'டைப்' என்பதை 'மாட்யூல்' என்று வையுங்கள். பழைய மாட்யூல் முறையான காமன்ஜேஎஸ் நகலும் வேண்டுமா என்று கேட்பார்கள். யூஐ லைப்ரரிக்கு இஎஸ் மாட்யூல் மட்டும் போதும் என்பது என் கட்சி. பழைய ஜெஸ்ட் (டெஸ்ட் ஓட்டும் கருவி) அமைப்பில் மாட்டிக்கொண்ட ப்ராஜெக்ட் ஒன்று கையில் இருந்தால் மட்டும் இரண்டாவதைச் சேருங்கள்.

## 5. பில்ட்

வீட் கருவியின் லைப்ரரி முறை போதும். நுழைவு ஃபைல் ஒன்று, வடிவம் இஎஸ். அதோடு ரோலப் (வீட் 7 உள்ளே பயன்படுத்தும் பண்ட்லர்) பகுதியில் எக்ஸ்டர்னல் பட்டியல். பியர்டிபெண்டென்சிஸில் எழுதிவிட்டோமே, அது தானாக விலகிவிடும் என்று நினைக்காதீர்கள். இங்கேயும் சொன்னால்தான் பண்டிலுக்குள் வராது. ரியாக்ட், ரியாக்ட்-டாம் இரண்டையும் எழுதிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள்: ரியாக்ட்/ஜேஎஸ்எக்ஸ்-ரன்டைம். ஜேஎஸ்எக்ஸ் (கோடுக்குள் எச்டிஎம்எல் மாதிரி எழுதும் வரிகள்) எல்லாம் மாறிப்போவது அதற்குத்தான். பில்ட் முடிந்ததும் ஃபைல் அளவைப் பாருங்கள். ஒரு பட்டனுக்குச் சில கேபிதான் வர வேண்டும்; அதற்கு மேல் போனால் ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது.

டைப் அறிவிப்பு ஃபைல்களை வீட் தானாகத் தராது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை 'அறிவிப்பு மட்டும்' என்ற முறையில் தனியாக ஓட்ட வேண்டும். வரிசை முக்கியம்: வீட் முதலில், கம்பைலர் பிறகு. வீட் ஒவ்வொரு பில்டிலும் டிஸ்ட் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுத்தான் தொடங்கும். மாற்றி ஓட்டினால் டைப்ஸ் உருவாகும், அடுத்த நொடி காணாமல் போகும், எந்த எச்சரிக்கையும் வராது.

நெக்ஸ்ட்.ஜேஎஸ் தளங்களும் இதைப் பயன்படுத்தும் என்றால், ஹூக் உள்ள ஃபைலின் தலையில் 'யூஸ் கிளையன்ட்' (இது பிரவுசரிலும் ஓட வேண்டியது என்று சொல்வது) வரி இருக்க வேண்டும். ரோலப் கட்டும்போது அந்த வரியைப் பிடுங்கி எறிந்துவிடும். டெர்மினலில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை மட்டும் ஓடிப்போகும். அதைக் காப்பாற்றத் தனி பிளக்-இன்கள் இருக்கின்றன. டிஸ்டில் உள்ள ஃபைலைத் திறந்து முதல் வரியைக் கண்ணால் பாருங்கள்.

## 6. ஸ்டைல்

வீட் லைப்ரரி முறையில் சிஎஸ்எஸ் தனி ஃபைலாகப் பிரிந்து நிற்கும். ஜேஎஸ் அதைக் கூப்பிடாது. பயன்படுத்துகிறவர்தான் ஒருமுறை இம்போர்ட் செய்ய வேண்டும். ரீட்மீயின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். வீட் 6-இலிருந்து அந்த ஃபைலுக்குப் பேக்கேஜின் பெயர் வந்துவிடுகிறது. பழைய பாடங்களைப் பார்த்து எக்ஸ்போர்ட்ஸில் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்று எழுதியவர்களுக்கு ஃபைல் இல்லை என்று பிழை வரும். சிஎஸ்எஸ்ஃபைல்நேம் என்ற அமைப்பில் நீங்களே பெயர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

பாடி, நட்சத்திரக் குறி மாதிரி ஊரையே தொடும் செலக்டர்கள் லைப்ரரிக்குள் கூடாது. அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நாம் வண்ணம் அடிக்கக் கூடாது. கிளாஸ் பெயர்களுக்கு ஒரு முன்னொட்டு, அல்லது சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ். நிறம், வளைவு, இடைவெளி மூன்றையும் சிஎஸ்எஸ் வேரியபிள்களாக வெளியே விட்டால், கோவிலுக்கு ஒரு நிறம், ஹோட்டலுக்கு ஒரு நிறம் என்பது நான்கு வரி வேலை.

உயரத்தை எண்ணாக நிர்ணயிக்காதீர்கள். ஆங்கிலத்தில் வரி உயரம் 1 வைத்து அழகாகத் தெரிந்த பட்டனில், தமிழ் வந்ததும் கீழே வளையும் 'ழு', 'று' வெட்டுப்படும். மேலே 'கீ'யின் சுழி காணாமல் போகும். குறைந்தபட்ச உயரம், பேடிங், 1.5 அளவில் வரி உயரம். அகலமும் அப்படியே. 'ரெசர்வே' அடங்கிய பெட்டியில் 'அர்ச்சனை முன்பதிவு' அடங்காது, இரண்டு வரியாக உடைய இடம் வேண்டும்.

## 7. பேக் செய்து வெளியே நிறுவிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். எல்லாப் பாடங்களிலும் என்பிஎம் லிங்க் சொல்லியிருப்பார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. லிங்க் என்பது உங்கள் ஃபோல்டருக்கு ஒரு சுட்டி மட்டும். உங்கள் ஃபோல்டரில் இருக்கும் ரியாக்டையே கம்போனென்ட் எடுத்துக்கொள்ளும். இல்லாத 'இரண்டு ரியாக்ட்' பிழையை அது காட்டும். ஃபைல்ஸ் வரியில் இருக்கும் உண்மையான பிழையை மறைத்தும்விடும், ஏனென்றால் ஃபோல்டரில் எல்லாமே இருக்கிறதே.

பதிலாக என்பிஎம் பேக். அது ஒரு டிஜிஇசட் (சுருக்கிக் கட்டிய) ஃபைலைத் தரும். பப்ளிஷ் செய்தால் எது போகுமோ அதுவே இது. டெர்மினலில் ஓடும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். பேக்கேஜ்.ஜேசன், ரீட்மீ, லைசென்ஸ், டிஸ்டில் ஒரு ஜேஎஸ், ஒரு சிஎஸ்எஸ், டைப் ஃபைல்கள். இவ்வளவுதான் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் இருக்கும் என்வ் ஃபைல் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

அந்த டிஜிஇசட்டைச் சோதனை ப்ராஜெக்டில் இன்ஸ்டால் செய்து நான்கு விஷயம் பாருங்கள். பட்டன் வருகிறதா, நிறம் வருகிறதா, எடிட்டரில் ப்ராப்ஸின் பெயர்கள் தானாக எட்டிப் பார்க்கின்றனவா, டெவ் சர்வரில் மட்டுமில்லாமல் ப்ரொடக்‌ஷன் பில்டிலும் இவை மூன்றும் நிற்கின்றனவா. பிறகு இதையே ஒரு லினக்ஸ் கணினியில். விண்டோஸும் மேக்கும் பெரும்பாலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். ஃபைல் பெயரில் ஒரு 'பி' மாறியிருந்தால் சர்வரில்தான் அது வெடிக்கும்.

திருத்திவிட்டு அதே பதிப்பு எண்ணில் மறுபடி பேக் செய்தால், சோதனை ப்ராஜெக்ட் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கலாம். எண்ணை ஒன்று கூட்டிப் பேக் செய்யுங்கள்.

## 8. இப்போது மற்றவை

பட்டன் கடந்த பாதையில் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். ஒன்றைக் கொண்டுவந்ததும், பழைய தளங்களில் இருக்கும் நகலை அன்றே அழித்துவிட்டு லைப்ரரியிலிருந்து எடுங்கள். அழிக்காமல் விட்டால் இரண்டு நகல் மூன்றாகிவிடும், அவ்வளவுதான் லாபம்.

வரைபடம், எடிட்டர் மாதிரி கனமான ஒன்று வந்தால் அதற்குத் தனி வாசல் கொடுங்கள். வெறும் பட்டன் கேட்டவர் அந்தச் சுமையைத் தூக்கக் கூடாது.

## 9. பதிப்பு எண்ணும் பப்ளிஷும்

எண்ணின் மூன்று பகுதிகளும் உங்களை நம்பி இன்ஸ்டால் செய்தவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. ப்ராப் பெயரை மாற்றினால் முதல் எண் ஏற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சிஎஸ்எஸ் வேரியபிளின் பெயரை மாற்றுவதும், வெளியே சுற்றியிருக்கும் டிவ்வை எடுப்பதும் அதே வகைதான். அதை நம்பி யாரோ ஸ்டைல் எழுதியிருப்பார். 0-இல் தொடங்கும் பதிப்புகளுக்கு விதி வேறு: 0.2.3 முன்னே கூரைக்குறி (^) போட்டால் 0.3-க்குத் தானாக ஏறாது. 'அப்டேட் பண்ணேன், வரலையே' என்பதற்கு இதுவே காரணம்.

முன்னொட்டுள்ள பெயர் இயல்பில் தனியார் பேக்கேஜ் என்று எடுத்துக்கொள்ளப்படும். என்பிஎம்மில் தனியாருக்குக் கட்டணத் திட்டம் வேண்டும். எல்லாருக்கும் திறந்துவிடுவதென்றால் முதல் பப்ளிஷில் 'ஆக்சஸ் பப்ளிக்' சேருங்கள். வெளியே விட விருப்பமில்லாத குழு, கிட் முகவரியிலிருந்தே இன்ஸ்டால் செய்யலாம். அப்போது பில்டை 'பிரிப்பேர்' ஸ்கிரிப்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்ட் இல்லாமல் போய்ச் சேரும். என்பிஎம்முக்கே அனுப்புகிறவர்கள் 'பிரிபப்ளிஷ்ஒன்லி'யில் பில்டையும் டெஸ்டையும் கட்டிவிட்டால், பழைய டிஸ்டை அனுப்பும் ஆபத்து போய்விடும்.

துணிச்சலான மாற்றத்தை 'நெக்ஸ்ட்' என்ற டேகில் அனுப்புங்கள். டேக் சொல்லாமல் அனுப்பினால் அதுவே 'லேட்டஸ்ட்' ஆகி, அடுத்து இன்ஸ்டால் செய்கிறவர் எல்லாரிடமும் போய்விடும்.

பிழையோடு போய்விட்டால் அன்பப்ளிஷைத் தேடி ஓடாதீர்கள். 72 மணி நேரத்துக்குள் எடுக்க வழி உண்டு, அதன் பிறகு நிபந்தனைகள் கடுமை. எடுத்தாலும் அதே எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. பழுதான பதிப்பை 'டெப்ரிகேட்' செய்து, எந்தப் பதிப்புக்கு மாற வேண்டும் என்று அதன் செய்தியில் எழுதி, திருத்தியதை அடுத்த எண்ணில் விடுங்கள். கையோடு அந்தக் கோவில் தளத்தின் லாக் ஃபைலையும் பாருங்கள். பழைய எண் அதில் பூட்டியிருந்தால் நீங்கள் விட்ட திருத்தம் அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை.